ஆப்பிரிக்காவைப் பத்தி ஆப்பிரிக்கர்களே பேசுற பாட்காஸ்ட் கேட்கிறவங்க இங்க வாங்க

காவேரிக்கரை எழுதியது:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா ஆரம்பிக்கணும்னு நினைச்ச இழை இது. நம்ம டிவியிலயும் பேப்பர்லயும் ஆப்பிரிக்கா எப்ப வருதுன்னு பாருங்க. பஞ்சம்னா வரும், ராணுவம் ஆட்சியைப் பிடிச்சா ரெண்டு நாள் வரும், அதுவும் ஏஜென்சி செய்தியை அப்படியே தமிழ்ல போட்டு முடிச்சிருவாங்க. அந்த ஊர்க்காரங்க என்ன நினைக்கிறாங்கன்னு ஒரு வரி இருக்காது. நான் பஸ்ல போறப்ப வர்றப்ப பாட்காஸ்ட் கேட்கிற ஆளு, பிபிசியோட ஆஃப்ரிக்கா டெய்லி (உகாண்டாக்காரர் ஆலன் கசுஜ்ஜா பேசினது), வாஷிங்டன்ல இருக்கிற சிஎஸ்ஐஎஸ்ங்கிற ஆய்வு நிறுவனம் போடற இன்டு ஆஃப்ரிக்கா (காங்கோக்காரர் முவெம்பா டிசோலேலே நடத்தினப்ப கேட்டது), போர், மோதல்களை ஆராயுற கிரைசிஸ் குரூப்போட தி ஹார்ன், இதெல்லாம் கேட்டுட்டு வர்றேன்.

இதுல எனக்குப் பிடிச்சதே அவங்களுக்குள்ள நடக்கிற வாக்குவாதம் தான். நைஜரையே எடுத்துக்குங்க. 2023 ஜூலை 26, அதிபரோட காவல் படைத் தலைவரே அதிபர் பசூமைப் பூட்டி வச்சுட்டு ஆட்சியை எடுத்துக்கிட்டார், ஜெனரல் சியானி. வெளிநாட்டுச் செய்தியில "ஜனநாயகம் கவிழ்ந்தது", அவ்ளோதான். ஆனா அந்தப் பக்கத்துக்காரங்க பேசுறதைக் கேட்டா விஷயம் அதோட நிக்கல. தலைநகர் நியாமே தெருவுல கொடி பிடிச்சு கொண்டாடினவங்க இருந்தாங்க, ஓட்டுப் போட்டு உட்கார வச்ச ஆளை எப்படி அடைச்சு வைக்கலாம்னு கேட்டவங்களும் இருந்தாங்க, ராணுவத்தையும் பிடிக்கல, படை அனுப்புவோம்னு மிரட்டின எகோவாஸையும் (மேற்கு ஆப்பிரிக்க நாடுகளோட கூட்டமைப்பு) பிடிக்கலன்னு ரெண்டையும் எதிர்த்தவங்களும் இருந்தாங்க. இந்த மூணு குரலையும் ஒரே மணி நேரத்துல கேட்டாத்தான் அந்த நாடு நமக்குக் கொஞ்சமாவது பிடிபடும். ஒருத்தரை மட்டும் கேட்டுட்டு "ஆப்பிரிக்கா இப்படித்தான் நினைக்குது"ன்னு சொல்றது பெரிய அநியாயம், 54 நாடு இருக்குங்க அங்க.

நீங்க என்ன கேட்கிறீங்க, எது மனசுல நின்னுச்சு, எழுதுங்க. லிங்க் மட்டும் போட்டுட்டுப் போயிராதீங்க ப்ளீஸ், என்ன பேசினாங்கன்னு நாலு வரி சேர்த்து எழுதுங்க.

---

லாகோஸ்_முத்து எழுதியது:

அண்ணே நல்ல இழை. நான் லாகோஸ்ல ஒரு ஃபேக்டரில மெயின்டனன்ஸ்ல இருக்கேன். அந்த 2023 ஆகஸ்ட்ல இங்க கேன்டீன்ல வேற பேச்சே கிடையாது. எங்க ஷிஃப்ட்ல கட்சினாக்காரர் ஒருத்தர் இருக்கார், வடக்கு, ஹௌசா பேசுறவர். அவர் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறது எல்லைக்கு அந்தப் பக்கம் மராடில, அது நைஜர். அவங்களுக்கு அது வேற நாடுங்கிற நினைப்பே இல்ல, கல்யாணம், சந்தை, மாடு வாங்குறது விக்கிறது எல்லாம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தான். படை போகும்னு நியூஸ் வந்தப்ப மனுஷன் ரெண்டு நாள் சரியா சாப்பிடல.

நைஜீரியாவோட ஏழு மாநிலம் நைஜரைத் தொட்டுக்கிட்டு இருக்கு, சொகோட்டோ, கெப்பி, சம்ஃபாரா, கட்சினா, ஜிகாவா, யோபே, போர்னோ. அந்த வடக்கு செனட்டர்கள் தான் முதல்ல எழுந்து வேண்டாம்னாங்க, கடைசில செனட் படைக்கு சம்மதம் கொடுக்கல. இது ஏதோ ராஜதந்திரம்னு வெளியில பேசிக்கிட்டாங்க, இங்க உள்ளவங்களுக்கு அது சொந்தக்காரன் வீட்டுப் பிரச்னை.

ஆனா எகோவாஸ் தடைன்னு சொல்லி இங்க இருந்து போற கரன்டைக் கட் பண்ணிட்டாங்க. நைஜருக்குப் போற கரன்ட்ல கிட்டத்தட்ட 70 சதவீதம் நைஜீரியால இருந்து போறது. சியானிக்கு என்ன ஆகப் போகுது, ஆஸ்பத்திரிக்கும் வெல்டிங் கடைக்கும் தான் அடி. பெனின் பக்கம் மலன்வில் பாலத்துல லாரிகள் வரிசையா நின்னு சரக்கு அழுகிப் போச்சு, ஜனங்க படகுல ஆத்தைத் தாண்டி அரிசி மூட்டை கொண்டு போனாங்க. 2024 பிப்ரவரியில தடையை எடுத்தாங்க, அதுக்குள்ள ஏழு மாசம் ஓடிப் போச்சு. பசூம் அப்பவும் வெளிய வரல. அப்ப அந்தத் தடையால யாருக்கு என்ன லாபம்னு இங்க இன்னும் கேட்டுக்கிட்டுத் தான் இருக்காங்க.

---

புயல்_87 எழுதியது:

எல்லாரும் நைஜர் பேசுறீங்க, புர்கினா ஃபாசோவை விட்டுட்டீங்களே. கேப்டன் இப்ராஹிம் த்ரவோரே 2022 செப்டம்பர்ல ஆட்சிக்கு வந்தப்ப வயசு 34. பிரெஞ்சுப் படையை வெளிய அனுப்பினார், சில தங்கச் சுரங்கங்களை அரசுக்கு எடுத்தார். எண்பதுகள்ல அங்க அதிபரா இருந்த தாமஸ் சங்காராவுக்கு அப்புறம் அந்த மண்ணுல இப்படி ஒருத்தர் வரல. அப்பர் வோல்டான்னு வெள்ளைக்காரன் வச்ச பேரை 1984ல சங்காரா புர்கினா ஃபாசோன்னு மாத்தினார், மூணே வருஷத்துல 1987 அக்டோபர் 15 சுட்டுக் கொன்னாங்க. அந்தக் கோபம் இன்னும் அந்த இளைஞர்கள் கிட்ட இருக்கு. நம்ம தமிழ் யூட்யூப்லயும் அவர் பேச்சு நிறைய வருது, கேட்டாலே உடம்பு சிலிர்க்குது. இதைப் போய் வாஷிங்டன் பாட்காஸ்ட்ல கேட்டா சர்வாதிகாரின்னு தான் சொல்லுவான்.

---

கயல் எழுதியது:

// கேட்டாலே உடம்பு சிலிர்க்குது //

புயல் தம்பி, சங்காரா மேல எனக்கும் அதே மரியாதை உண்டு. ஆனா நீங்க கேட்கிற அந்த வீடியோல பாதிக்கு மேல அவர் பேசினதே கிடையாது. 2025ல த்ரவோரே பேரைச் சொல்லி ஏஐல குரலும் முகமும் செஞ்சு ஏகப்பட்ட வீடியோ உலகம் பூரா சுத்துச்சு, பாப் பாடகர்கள் அவரைப் புகழ்ந்து பாடுற மாதிரி எல்லாம் போலி. புர்கினாவே இதைக் கேட்டுச் சிரிக்கிற நிலைமையில இல்ல.

அங்க நிலைமை என்னன்னா, 2023 மார்ச் வரைக்கும் அரசே வெளியிட்ட கணக்குல 20 லட்சம் பேருக்கு மேல வீட்டை விட்டு ஓடி வந்து வேற ஊர்ல இருக்காங்க, மொத்த ஜனத்தொகையில பத்துல ஒருத்தர். அதுக்கப்புறம் அரசு அந்தக் கணக்கு போடறதையே நிறுத்திருச்சு. 2024 பிப்ரவரி 25, நொண்டின், சோரோன்னு ரெண்டு கிராமத்துல ராணுவமே 223 பேரைக் கொன்னதா ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை விட்டுச்சு, அதுல 56 குழந்தைங்க. அந்தச் செய்தியைச் சொன்னதுக்கு பிபிசி ஆஃப்ரிக்காவையும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவையும் ரேடியோல நிறுத்தினாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல பர்சலோகோங்கிற ஊர்ல, ஊரைச் சுத்தி அகழி வெட்டுங்கன்னு ராணுவம் ஜனங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கு, அங்க வந்து அல்-கொய்தா சார்பு ஜேஎன்ஐஎம் ஜிகாதிகள் சுட்டுத் தள்ளினாங்க, நூத்துக்கும் மேல செத்தாங்க. மண்வெட்டியோட குழிக்குள்ள நின்னுட்டு இருந்தவங்க, ஓட எடம் ஏது.

இதைக் கேள்வி கேட்ட பத்திரிகையாளர் சங்கத் தலைவரை 2025 மார்ச்ல பிடிச்சுட்டுப் போய் ராணுவ உடுப்பு மாட்டி விட்டாங்க. டாக்டர், வக்கீல், நீதிபதின்னு எதிர்த்துப் பேசினவங்களை எல்லாம் கட்டாய ராணுவ சேவைன்னு சண்டை முனைக்கு அனுப்புறாங்க. காவேரி அண்ணா "அவங்களுக்குள்ள நடக்கிற வாக்குவாதம்"னு சொன்னாரே, தலைநகர் வகாடுகுல உட்கார்ந்து அந்த வாக்குவாதத்தைச் செய்ய முடியாம ஆக்கிட்டாங்க. அதனால பாட்காஸ்ட் கேட்கிறப்ப பேசுறவர் எங்க இருந்து பேசுறார்னு கவனிங்க. முக்கால்வாசி புர்கினா குரல் இப்ப அபிஜான், டகார், பாரிஸ்ல இருந்து தான் வருது.

---

புயல்_87 எழுதியது:

கயல் அக்கா, செத்தவங்க விஷயத்துல நான் வாதம் பண்ண வரல, அது கொடுமை தான். ஆனா ஜனங்க ஏன் ராணுவத்துக்குக் கை தட்டினாங்கன்னும் பேசணும்ல. பிரான்ஸ் 2013ல செர்வால்னு மாலிக்குள்ள வந்துச்சு, அடுத்த வருஷம் பார்கான்னு பேர் மாத்தி ஐயாயிரம் பேர் வரைக்கும் நின்னாங்க, ட்ரோன், ஹெலிகாப்டர் எல்லாம். ஒன்பது வருஷத்துல என்ன ஆச்சு? வடக்கு மாலில இருந்த பிரச்னை நடு மாலி வந்துச்சு, புர்கினா வந்துச்சு, நைஜரோட மேற்கு ஓரம் பூரா வந்துச்சு. தேர்தல்ல ஜெயிச்ச ஆட்சிகள் இருந்தப்ப தான் இதெல்லாம் நடந்துச்சு. என் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடுறான், ஆட்டை ஓட்டிட்டுப் போறான், அதிபர் பாரிஸ்ல கை குலுக்கிட்டு நிக்கிறார்னா நான் ஏன் அந்த ஜனநாயகத்துக்காக அழணும்? இந்தக் கேள்விக்கு பதில் சொல்லாம ராணுவத்தைத் திட்டினா அந்த ஜனங்க காதுல ஏறாது.

இன்னொண்ணு சிஎஃப்ஏ ஃபிராங்க். 1945ல பிரெஞ்சுக் காலனி ஆட்சி அச்சடிச்ச பணம், இன்னிக்கும் 14 நாட்டுல ஓடுது. அதைப் பத்தி யாராவது எழுதுங்க.

---

கயல் எழுதியது:

இந்தத் தடவை நீங்க கேட்டது நூத்துக்கு நூறு சரியான கேள்வி. பார்கான் பத்தி நீங்க சொன்னதை அப்படியே ஒத்துக்கிறேன். ஆனா அதோட தொடர்ச்சியையும் சேர்த்துக்கணும், மாலில பிரெஞ்சுக்காரன் 2022 ஆகஸ்ட்ல போயிட்டான், ஐநா படை 2023 கடைசில போயிருச்சு, ரஷ்யாவோட வாக்னர் கூலிப்படை 2021 கடைசிலயே வந்திருச்சு, 2024 ஜூலைல வடக்கு மாலி தின்சவாதென்ல வாக்னரே செம அடி வாங்குச்சு. 2025 செப்டம்பர்ல இருந்து ஜேஎன்ஐஎம் பெட்ரோல் லாரிகளை வழியில கொளுத்தி, தலைநகர் பமாகோல பங்க்ல எண்ணெய் இல்லாம பள்ளிக்கூடத்தையே மூட வேண்டியதாச்சு. யார் வந்தாலும் துப்பாக்கியை மட்டும் கொண்டு வர்றாங்க, கிராமத்துல நிலத் தகராறைத் தீர்த்து வைக்க ஒரு நீதிபதி வரல, இடையன் ஃபுலானிக்கும் விவசாயிக்கும் மேய்ச்சல் வழி பிரிச்சுக் கொடுக்க ஆள் வரல. ஜிகாதிகள் உள்ள நுழையுறது அந்த இடத்துல தான், அவங்க தீர்ப்பு சொல்றாங்க. சஹேல் (சகாராவுக்குத் தெற்கு ஓரம்) ஆராய்ச்சியாளர்கள் பல பேர் திரும்பத் திரும்பச் சொல்றது இதைத் தான்.

சிஎஃப்ஏ விஷயத்துக்கு செனகல் பொருளாதார நிபுணர் ந்டோங்கோ சம்பா சில்லா பேசுறதைத் தேடிக் கேளுங்க, பல பாட்காஸ்ட்ல வந்திருக்கார், பேச்சு அவ்வளவு தெளிவா இருக்கும். ஒரு யூரோக்கு 655.957 ஃபிராங்க்னு ஆணி அடிச்ச மாதிரி வச்சிருக்காங்க. யூரோ ஏறினா இதுவும் ஏறும், பருத்தி விக்கிற மாலி விவசாயிக்கு அதனால நட்டமா லாபமான்னு யாரும் கேட்கிறதில்ல. ரொம்ப வருஷம் அந்த நாடுகளோட அந்நியச் செலாவணி கையிருப்புல பாதியை பிரெஞ்சு கருவூலத்துல போட்டு வைக்கணும்னு விதி இருந்துச்சு, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு 2019 ஒப்பந்தத்துக்கு அப்புறம் தான் அது போச்சு. 1994 ஜனவரியில ஒரே ராத்திரியில மதிப்பைப் பாதியாக் குறைச்சாங்க. மருந்து, எண்ணெய்னு வெளிய இருந்து வர்ற எல்லாமே ரெட்டை விலை. அந்த வயசுல இருந்தவங்க இன்னிக்கும் அதைப் பேசுவாங்க.

ஆனா புயல், இதையும் கவனிங்க: மாலி, புர்கினா, நைஜர் மூணும் எகோவாஸை விட்டு 2025 ஜனவரியில முறைப்படி வெளிய வந்தாங்க, தனிக் கூட்டமைப்பு, தனிக் கொடி, தனி பாஸ்போர்ட் எல்லாம் போட்டாங்க, சிஎஃப்ஏவை மட்டும் விடல. பேச்சுல விடுதலைன்னு சொல்றது ஈசி, மத்திய வங்கி நடத்துறது வேற வேலை.

---

யாழ்_கடல் எழுதியது:

வணக்கம். நான் கனகாலமா வாசிக்கிறனான், எழுதுறது குறைவு. சஹேலை விட்டு கென்யாப் பக்கம் கொஞ்சம் வாங்கோ.

2024 ஜூன் மாசம் கென்யாப் பெடியள் ரோட்டில இறங்கினதைப் பார்க்கேக்க இலங்கையில எங்களுக்கு 2022 கொழும்பு காலிமுகத்திடல் போராட்டம் தான் ஞாபகம் வந்தது. காரணமும் கிட்டத்தட்ட ஒண்டு. நாங்கள் டொலர்ல பிணைமுறி வித்துக் கடன் வாங்கினம், 2022 ஏப்ரலில கட்டேலாது எண்டு அறிவிச்சம். கென்யா 2014ல 200 கோடி டொலர் அப்பிடி வாங்கினது, அது 2024 ஜூன்ல கட்டவேணும். அதைக் கட்டுறதுக்கு பெப்ரவரியில பத்து வீதத்துக்கு மேல வட்டிக்குப் புதுக் கடன் எடுத்தவை. பிறகு ஐஎம்எஃப்புக்கு சொன்ன வருமானத்தைக் காட்ட நிதிச் சட்டமூலம் எண்டு ஒண்டைக் கொண்டு வந்தவை, பாணுக்கு (ரொட்டிக்கு) 16 வீதம் வரி, வாகனத்துக்கு வருசா வருசம் 2.5 வீதம். சனம் கத்தினாப் பிறகு இந்த ரெண்டையும் எடுத்துப் போட்டினம்.

அந்தப் பெடியளிட்ட எனக்குப் பிடிச்சது அவையள் படிச்ச விதம். நூறு பக்கத்துக்கு மேல இருக்கிற சட்டமூலத்தைப் பிரிச்சு கிகுயு, லுவோ, கலெஞ்சின், சுவாஹிலி எண்டு டிக்டொக்ல ஒவ்வொரு பிரிவா விளங்கப்படுத்தினவை. இரவு எக்ஸ் ஸ்பேஸ்ல ஆயிரக்கணக்கில சேர்ந்து இருந்து, வக்கீல்மார் வந்து கைது செய்தா என்ன செய்யவேணும் எண்டு சொல்லிக் குடுக்க, டொக்டர்மார் கண்ணீர்ப்புகைக்கு என்ன செய்யிறது எண்டு சொல்ல, செலவுக்கு எம்பெசால (ஃபோனில காசு அனுப்புற முறை) காசு சேர்த்து... தலைவர் எண்டு ஒருத்தரும் இல்லை, இனம் பார்க்கிற கட்சி இல்லை. அது தான் உண்மையான ஆப்பிரிக்கக் குரல், ஒரு நிறுவனமும் ஸ்டூடியோ போட்டுக் குடுக்கேல்லை. ஜூன் 25 பாராளுமன்றம் 195க்கு 106 எண்டு நிறைவேற்ற, பெடியள் உள்ளுக்குப் போக, பொலிஸ் சுட்டது. அடுத்த நாள் ஜனாதிபதி ருட்டோ கையெழுத்துப் போடமாட்டன் எண்டார். ஜூலை முதலாம் திகதி கென்ய மனித உரிமை ஆணைக்குழு சொன்ன கணக்கு 39 பேர் சாவு.

அதே ஜூன் 25 தான் கென்யப் பொலிஸின்ர முதல் அணி ஹெய்ட்டில போய் இறங்கினது, அங்க அமைதியை நிலைநாட்ட எண்டு. அண்டைக்கு நைரோபியில என்ன நடந்தது எண்டதையும் இதையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.

---

நடத்துனர்:

இழை நல்லாப் போகுது. ராணுவ ஆட்சிக்கு ஆதரவு, எதிர்ப்பு ரெண்டும் எழுதலாம். ஏஐ வீடியோ லிங்க் போட்ட ரெண்டு பதிவை எடுத்திருக்கோம்.

---

தென்காசி_அருண் எழுதியது:

எல்லாரும் எழுதினதைப் படிச்சேன், ஒரு ஆட்சேபம் இருக்கு. காவேரி சார் சொன்ன பாட்காஸ்ட் எல்லாம் எங்க இருந்து வருது? வாஷிங்டன், லண்டன், பிரஸ்ஸல்ஸ். சிஎஸ்ஐஎஸ் வந்து அரசாங்கங்களும் ஆயுத கம்பெனிகளும் நன்கொடை கொடுக்கிற இடம். டிசோலேலே காங்கோக்காரர் தான், நல்லா கேள்வி கேட்டார், விருந்தாளியும் ஆப்பிரிக்கர் தான், எல்லாம் சரி. ஆனா என்ன கேள்வின்னு முடிவாகிறதே அமெரிக்காவுக்கு இதுல என்ன வேலைங்கிற இடத்துல இருந்து தானே. சீனா, ரஷ்யா, கோபால்ட்னு சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்கும். கிழக்கு காங்கோவுல கோமாங்கிற ஊர்ல இருக்கிற பொம்பளை அன்னிக்கு மாவு விலை பத்திப் பேச எங்க போவா?

மாலில ஸ்டூடியோ தமானின்னு ஒண்ணு இருக்கு, 2013ல ஆரம்பிச்சது, சுவிட்சர்லாந்து ஃபவுண்டேஷன் ஒண்ணு உதவுது, ஆனா பேசுறது பூரா மாலிக்காரங்க. பிரெஞ்சு, பம்பாரா, ஃபுல்ஃபுல்டே, தமாஷெக், சோங்காய்னு அஞ்சு மொழி. நாடு பூரா இருக்கிற சின்னச் சின்ன ரேடியோக்கள் அதை எடுத்து ஒலிபரப்புது. அதுல விவாதம்னா கிணறு, மேய்ச்சல், மூடின பள்ளிக்கூடம், அந்த மாதிரி. எனக்கு பிரெஞ்சு கொஞ்சம் தெரியும்ங்கிறதால கேட்கிறேன். இங்கிலீஷ்ல வர்றதை மட்டும் கேட்டா நமக்குக் கிடைக்கிறது மாநாட்டுக்குப் போற ஆப்பிரிக்கா மட்டும் தான்.

---

லாகோஸ்_முத்து எழுதியது:

அருண் ப்ரோ சொன்னது நிஜம். எங்க ஃபேக்டரி கேட்ல இருக்கிற மைகார்டு, அதாங்க வாட்ச்மேன், வடக்கத்திக்காரர். கையில ஒரு சின்ன ரேடியோ, ஆன்டெனா உடைஞ்சு போய் அந்த இடத்துல ஒயர் சுத்தி வச்சிருக்கார், காதோட ஒட்டி வச்சு பிபிசி ஹௌசா கேட்பார். அது 1957ல இருந்து வருது. அவருக்கு சியானி என்ன சொன்னார், ட்ரம்ப் என்ன சொன்னார், கானோ சந்தையில வெங்காயம் என்ன விலை எல்லாம் தெரியும். நான் இயர்போன்ல இங்கிலீஷ்ல கேட்டுட்டு வந்து ஏதாவது சொன்னா அவர் அதுக்கு மேல நாலு விஷயம் சொல்லுவார்.

---

காவேரிக்கரை எழுதியது:

அருண், உங்க ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன், பாதி ஏத்துக்கிறேன். ஸ்டூடியோ வாஷிங்டன்ல இருக்குங்கிறதை மறக்காம கேட்கணும். ஆனா கயல் சொன்ன மாதிரி உள்ளூர்ல வாயைத் திறந்தா முனைக்கு அனுப்புறாங்கன்னா, வெளிய இருக்கிற மைக் தான் அவங்களுக்கு மிச்சம். ரெண்டும் வேணும்.

ஊர்க்காரன் குரல் ஏன் வேணும்ங்கிறதுக்கு அகாடெஸ் கதையைச் சொல்றேன். நைஜரோட வடக்கு, சகாரா ஓரம் இருக்கிற பழைய ஊர். அங்க இருந்து லிபியாவுக்கு ஆள் ஏத்திட்டுப் போறது பரம்பரைத் தொழில் மாதிரி, பஸ் ஸ்டாண்ட் வேலை மாதிரி வெளிப்படையா நடந்தது. டொயோட்டா ஹைலக்ஸ் பின்னாடி முப்பது பேர் வரைக்கும் ஏறுவாங்க, மூட்டைக்கு இடையில கம்பைச் செருகி, அதைக் காலுக்கு நடுவுல பிடிச்சுக்கிட்டு காலை வெளிய தொங்கப் போட்டு உட்காருவாங்க, விழுந்தா வண்டி நிக்காது. பக்கவாட்டுல சாக்குத் துணி சுத்தின தண்ணி கேன்கள் கட்டியிருக்கும், ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதி. வாரம் ஒரு தடவை ராணுவ வண்டி பின்னாடியே கான்வாயா போறது.

ஐரோப்பா அழுத்தம் கொடுத்து 2015ல நைஜர் இதைக் குத்தம்னு சட்டம் போட்டுச்சு, அடுத்த வருஷத்துல இருந்து டிரைவர்களைப் பிடிச்சு உள்ள போட்டு வண்டியைப் பறிமுதல் பண்ணாங்க. பிரஸ்ஸல்ஸ்ல ஆள் வர்றது குறைஞ்சதுன்னு சந்தோஷப்பட்டாங்க. அகாடெஸ்ல டிரைவர், சமைச்சுப் போடறவங்க, கேன் விக்கிறவன், வாடகைக்கு ரூம் விட்டவன் எல்லாருக்கும் பொழப்பு போச்சு, மாத்து வேலைக்குன்னு சொன்ன பணம் கொஞ்ச பேருக்குத் தான் வந்துச்சு. போறவங்க நிக்கல, கான்வாய் வழியை விட்டு கிணறே இல்லாத வழியில போய் மணல்ல செத்தாங்க. 2023 நவம்பர்ல சியானி அந்தச் சட்டத்தை ரத்து பண்ணார். ராணுவ ஆட்சிக்கு அகாடெஸ்ல ஏன் கை தட்டினாங்கன்னு இப்ப சொல்லுங்க. ஐரோப்பியச் செய்தியில அது "குடியேற்ற ஒப்பந்தம் முறிந்தது". சியானி பசூமை அடைச்சு வச்சிருக்கிறது தப்புன்னு நான் உறுதியா நம்புறேன், அதே சமயம் அந்தச் சட்டத்தை ஒரு தேர்தல் அரசு போட்டிருக்கவே கூடாதுன்னும் நம்புறேன்.

---

மல்லி_1996 எழுதியது:

முதல் தடவை எழுதுறேன். சூடான் பத்தி யாருமே எழுதலையே. 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்ச போர், இன்னும் ஓடுது. அந்த ஊர்க்காரங்க பேசுறதை எங்க கேட்கலாம்? அங்க நெட்டே இல்லைன்னு சொல்றாங்களே.

---

கயல் எழுதியது:

மல்லி, கேட்டதுக்கு நன்றி. 2024 பிப்ரவரியில நாடு முழுக்கவே நெட் போச்சு, அப்புறம் பல இடத்துல ஸ்டார்லிங்க் வச்சிருக்கிறவன் கிட்ட மணிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்துத் தான் சொந்தக்காரங்களுக்கு மெசேஜ் அனுப்புறாங்க. ரேடியோ டபங்கான்னு தேடுங்க. மேற்கு சூடான்ல இருக்கிற டார்ஃபூர் மக்களுக்காக சூடான் பத்திரிகையாளர்கள் 2008ல ஆரம்பிச்சது, நெதர்லாந்துல இருந்து ஷார்ட்வேவ்ல போகுது. டவரை அணைச்சாலும் ஷார்ட்வேவை அணைக்க முடியாதுல்ல. ரேடியோ அரபியில, ஆனா வெப்சைட்ல இங்கிலீஷ்ல தினமும் எழுதுறாங்க, முகாம்ல இருந்து ஜனங்க போன்ல சொன்னது அதுல அப்படியே இருக்கும். அரசியல் பின்னணி வேணும்னா தி ஹார்ன்ல சூடான் எபிசோடுகள் நிறைய இருக்கு. அதுல எமர்ஜென்சி ரெஸ்பான்ஸ் ரூம்ஸ் பத்திப் பேசுறதை முதல்ல கேளுங்க, தெருவுக்குத் தெரு வாலன்டியர்ஸ் பெரிய பானையில சமைச்சுப் போட்டு ஊரைக் காப்பாத்துறவங்க, சண்டை போடற ராணுவம், ஆர்எஸ்எஃப்ங்கிற துணைப்படை ரெண்டும் அவங்களைப் பிடிச்சு அடைக்குது. டார்ஃபூர்ல இருக்கிற எல் ஃபாஷர் நகரம் 2025 அக்டோபர்ல ஆர்எஸ்எஃப் கையில விழறதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் முற்றுகையில இருந்துச்சு, அப்ப சமையல் கூடத்துல மாட்டுக்குப் போடற கடலைப் புண்ணாக்கைத் தான் ஜனங்களுக்குக் கொடுத்தாங்க.

கேட்டுட்டு எழுதுங்க, சூடானுக்குத் தனி இழை போட்டுக்கலாம்.